உருதுப் பெண்ணெழுத்து ஆங்கிலத்தைச் சுற்றி வர வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ் வாசகர்களிடம் உருது இலக்கியம் பற்றிப் பேச்செடுத்தால் காலிப், இக்பால், மண்ட்டோ என்ற மூன்று பெயரோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். நல்ல வாசகர்கள் நான்காவதாகக் குர்ரத்துலைன் ஹைதரைச் சேர்ப்பார்கள். அதற்குக் காரணம் சௌரி மொழிபெயர்த்து நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'அக்னி நதி'. இஸ்மத் சுக்தாயின் கதைகள் சில வந்திருக்கின்றன. அதற்கப்பால் ரஷீத் ஜஹான், கதீஜா மஸ்தூர், ஜீலானி பானு, வாஜிதா தபஸ்ஸும், ஃபஹ்மிதா ரியாஸ், கிஷ்வர் நாஹீத், பர்வீன் ஷாகிர் ஆகியோரெல்லாம் நமக்குப் பெயரளவில்கூட அறிமுகமில்லை. வந்தவையும் பல ஆங்கிலத்தின் வழியே வந்தவை. இந்தக் கடிதம் அந்தச் சுற்றுவழியைப் பற்றியது. சிங்கப்பூரில் இருந்துகொண்டே அதைத் தவிர்க்க முடியும் என்பதால் எழுதுகிறேன்.

உருதுவிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் போகும்போது முதலில் உதிர்வது மூன்று: மரியாதை, உறவு, பால். இந்த மூன்றும் உருதுவில் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன, நடுவில் உள்ள ஆங்கிலத்தில் இல்லை. பெண்கள் எழுதியதில் இந்த இழப்பு இரட்டிப்பாகிறது. அவர்கள் கதை நடக்கும் இடம் வீடு. வீட்டுக்குள் யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதில்தான் அதிகாரம் முழுவதும் இருக்கிறது.

மரியாதையை எடுத்துக்கொள்வோம். உருதுவில் முன்னிலைக்கு மூன்று படி உண்டு: 'தூ', 'தும்', 'ஆப்'. பழைய வீடுகளில் மனைவி கணவனை 'ஆப்' என்பாள், கணவன் அவளைத் 'தும்' என்பான். தமிழில் இது நீங்கள், நீ என்று அப்படியே உட்காரும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். அதிலிருந்து தமிழாக்குபவர் ஊகிக்கிறார். பல நேரம் நவீனத் தம்பதியைப் போல இருவரையும் 'நீ' போட வைத்துவிடுகிறார். கோபத்தின் உச்சத்தில் அவள் 'ஆப்'பிலிருந்து 'தும்'முக்கு இறங்கும் அந்த ஒரு வரி, கதையே அங்கேதான் உடைகிறது, தமிழில் காணாமலே போகிறது. படர்க்கையிலும் இதே சிக்கல். உருதுவில் மரியாதைக்கு உரிய ஒருவரைப் பன்மை வினையில் சொல்வார்கள். நம் 'அவர் வந்தார்' அதற்கு அச்சு அசல் இணை. ஆங்கிலத்தின் வழி வந்தால் மாமனார் 'வந்தான்' ஆகிவிடுகிறார். கணவன் பெயரைச் சொல்லாமல் 'யே' என்று குறிப்பிடும் பழக்கத்தை ஆங்கிலத்தில் 'என் கணவர்' என்றாக்குகிறார்கள். தமிழுக்கோ 'இவர்', 'இவங்க' என்று கையிலேயே இருக்கிறது.

உறவுப் பெயர்கள் இதைவிட மோசமாக அடிபடுகின்றன. ஆங்கிலத்தின் ஒரே 'ஆண்ட்டி'க்குள் காலா, புஃபி, சாச்சி, முமானி நால்வரும் அடைபடுகிறார்கள். அவர்கள் முறையே அம்மாவின் சகோதரி, அத்தை, சித்தப்பா மனைவி, மாமி. அதேபோல் 'சிஸ்டர் இன் லா'வுக்குள் பாபி, நந்த், சாலி, தேவ்ரானி, ஜேட்டானி. தமிழில் அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், கடைசி இருவருக்கும் ஓரகத்தி. தாயா என்றால் பெரியப்பா, சாச்சா என்றால் சித்தப்பா. இத்தனை சுலபமாகப் பொருந்துவதைப் பார்த்து மயங்கி, ஓர் இடத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். கதீஜா மஸ்தூரின் 'ஆங்கன்' நாவலில் ஆலியா தன் பெரியப்பா வீட்டில் வந்து வளர்கிறாள். அந்தப் பெரியப்பா மகன் ஜமீல் அவளை விரும்புகிறான். வட இந்திய முஸ்லிம் குடும்பங்களில் இது மணமுறை. தமிழில் 'பெரியப்பா மகன்' என்று போட்டால் வாசகர் புருவத்தை நெரிப்பார். நம் கணக்கில் அவன் அண்ணன். ஆங்கிலத்தில் 'கஸின்' என்ற சொல் இந்தச் சிக்கலையே மறைத்துவிடும். நேரடியாகத் தமிழாக்குபவர் இதை எதிர்கொண்டாக வேண்டும். 'படே சாச்சா' என்று மூலத்தின் விளியையே வைத்துக்கொண்டு, முன்னுரையில் இரண்டு வரியில் மணமுறையைச் சொல்லிவிடுவது போதும். ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்குறிப்பு போட்டால் காதல் கதை மானிடவியல் பாடமாகிவிடும்.

அந்த நாவலின் பெயரிலேயே இன்னொரு வேலை இருக்கிறது. ஆங்கன் என்பது வாசலும் அல்ல, கொல்லையும் அல்ல. நான்கு பக்கமும் அறைகள் சூழ்ந்த, மேலே திறந்த நடு முற்றம். வெளியே போக முடியாத பெண்களுக்கு வானம் தெரியும் ஒரே இடம் அது. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த சிங்கப்பூர் வாசகருக்கு 'முற்றம்' என்ற சொல் தெரியும், உருவம் தெரியாது. முதல் அத்தியாயத்தில் அந்த முற்றத்தைக் கடக்கும் நடையைச் சரியாக மொழிபெயர்த்தால் விளக்கம் தேவைப்படாது. சுக்தாயின் 'லிஹாஃப்' கதையும் இப்படித்தான். 1942ல் லாகூரின் 'அதபே லதீஃப்' இதழில் வந்து, ஆபாச வழக்கில் சிக்கி, லாகூர் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காமல் போன கதை அது. அதைப் 'போர்வை' என்று மட்டும் மொழிபெயர்த்தால் கதையில் சுவரில் யானை போல ஆடும் அதன் நிழல் வராது. அது பஞ்சு திணித்துத் தைத்த கனமான ரஜாய். மெல்லிய போர்வை யானையாகாது!

பால் பற்றிய பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். உருதுப் பெண்கவிதையின் வரலாறே இதில் அடங்கியிருக்கிறது.

உருதுவில் 'வோ' என்ற படர்க்கைச் சொல்லுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை, வினைக்கு உண்டு. தமிழில் தன்மை வினைக்குப் பால் இல்லை: 'போகிறேன்' என்பது யார் சொன்னாலும் ஒன்றுதான். உருதுவில் ஆண் 'ஜாதா ஹூன்' என்பான், பெண் 'ஜாதி ஹூன்' என்பாள். கஜல் மரபில் காதலனும் காதலியும் இருவருமே ஆண்பால் வினையில்தான் வருவார்கள். பெண் எழுதினாலும் ஆண்பாலில் எழுதுவதே முறை என்றிருந்தது. பர்வீன் ஷாகிரின் முதல் தொகுப்பு 'குஷ்பு' 1976ல் வந்தபோது அதில் பேசியது பெண்பால் வினை. குஷ்பு என்றால் நறுமணம். சினிமாவின் தயவால் தமிழர்களுக்கு மொழிபெயர்க்காமலே தெரிந்த உருதுச் சொல் அது ஒன்றுதான் போலும். ஷாகிருக்குச் சற்று முன்பே, 1973ல், ஃபஹ்மிதா ரியாஸ் 'பதன் தரீதா' தொகுப்பில் உடலைப் பற்றி இதே பெண்பால் குரலில் எழுதிக் கடும் வசை வாங்கியிருந்தார். ஆக, அந்த வினை விகுதியே ஒரு கலகம். ஆங்கிலத்தில் அது ஓர் எழுத்தாகக்கூடத் தெரியாது.

தமிழிலும் வினையில் அதைக் காட்ட முடியாது. வினையாலணையும் பெயரில் காட்டலாம். 'வந்தேன்' என்பதற்குப் பதில் 'வந்தவள் நான்', 'காத்திருப்பவள் நான்'. இதை ஒரு கஜலில் ஒருமுறை, முதல் ஈரடியான மத்லாவிலேயே செய்துவிட்டால் போதும். வரிக்கு வரி செய்தால் ஆறாம் வகுப்பு இலக்கணப் பயிற்சி போல ஒலிக்கும். மூலத்தில் பெண்பாலைத் தேடும்போது ஒரு பொறியையும் கவனிக்க வேண்டும். இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றா வினையில் 'நே' என்ற உருபு வரும். அப்போது வினை பேசுபவரோடு ஒத்துப் போகாது, செயப்படுபொருளோடு ஒத்துப் போகும். 'மைன்னே கஹா' என்றால் நான் சொன்னேன். சொன்னது ஆணா பெண்ணா என்பது அங்கே தெரியாது. அந்த அடியை மட்டும் வைத்துக்கொண்டு 'கவிஞர் ஆண்பாலில் எழுதியிருக்கிறார்' என்று முடிவு கட்டக்கூடாது. 'போனேன்', 'போகிறேன்', 'வருவேன்' போன்ற வினைகள் வரும் அடியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கஜலின் வடிவத்திலும் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வாய்ப்பு அதிகம். ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் மாறாமல் திரும்ப வரும் சொல் ரதீஃப், அதற்கு முன் வரும் ஒலியியைபு காஃபியா. உருது வாக்கியம் வினையில் முடிகிறது, தமிழும் அப்படியே. ரதீஃப் வினையாக இருந்தால் தமிழில் அதை அப்படியே கடைசியில் வைக்கலாம். நம் இயைபுத் தொடைக்கு அது அந்நியமில்லை. ரதீஃப் வெறும் 'கி', 'கே' போன்ற உடைமை உருபாக இருந்தால் முயலவே வேண்டாம். தமிழில் உடைமை முன்னால் வரும். கடைசிக்கு இழுத்தால் வாக்கியம் முறிந்துவிடும். அத்தகைய கஜலில் காஃபியாவை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாக எடுக்கக்கூடிய தமிழல்லாத இந்திய மொழிகள் ஐந்து: வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது. உருதுவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் சாதாரண நிலைத் தேர்வும் எழுதிவிட்டு, அதன் பிறகு அந்த எழுத்தைத் திரும்பிப் பார்க்காத இளையர்கள் இங்கே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தென்னக வழக்கான தக்கினி உருது, வெளியே தமிழ். முதலாமவருக்கு உருதுவின் நஸ்தலீக் எழுத்து வாசிக்க வரும், தமிழ் வராது. இரண்டாமவருக்கு இரண்டும் காதில் இருக்கும், தரமான இலக்கியத் தமிழ் எழுதிப் பழக்கம் இருக்காது. மூன்றாவதாகத் தமிழில் நன்றாக எழுதத் தெரிந்து உருதுவே தெரியாதவர்கள், நம் கதைக்களம், கவிமாலை ஆகிய இலக்கியச் சந்திப்புகளில் மாதந்தோறும் கூடுகிறார்கள். மூவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் வேலை தொடங்கிவிடும்.

வேலைமுறை இது. உருது தெரிந்தவர் முதலில் பத்தியை உரக்க வாசிக்க வேண்டும், அதைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். இது வெறும் சடங்கு அல்ல. உருது எழுத்தில் குறில் உயிர்கள் எழுதப்படுவதில்லை. அலிஃப், ஸீன் இரண்டையும் சேர்த்து எழுதினால் 'இஸ்' என்றும் வாசிக்கலாம், 'உஸ்' என்றும் வாசிக்கலாம். ஒன்று 'இந்த', மற்றது 'அந்த'. மீம், யே, நூன் குன்னா சேர்ந்தால் 'மைன்' என்றால் நான், 'மேன்' என்றால் உள்ளே. வாசிப்பவர் வாயில்தான் இது தீரும். பழைய கல்லச்சுப் பதிப்புகளில் சிறிய யேயும் பெரிய யேயும் மாறி மாறி வரும். அப்போது 'ஜாதி', 'ஜாதே' இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்; பெண் போகிறாளா, பெரியவர் போகிறாரா என்பதை முன்பின் வரிகளை வைத்தே சொல்ல முடியும்.

அடுத்து, வாசித்தவர் பொருளைப் பேச்சுத் தமிழிலோ கைவசமுள்ள மொழியிலோ சொல்ல, இரண்டாமவர் வரி வரியாக எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் அழகு பார்க்கக்கூடாது. 'ஆப்', 'தும்', 'தூ' மூன்றுக்கும் மூன்று நிற அடிக்கோடு, உறவுச் சொல்லுக்கு வட்டம். மூன்றாவதாகத் தமிழ் எழுத்தாளர் அதைக் கதையாக்குவார். நான்காவதாக, உருது தெரிந்தவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழைக் காதால் கேட்க வேண்டும். அதன்பின் ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு, உருது அறியாத, கதையை முன்பே கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, எங்கெங்கே நின்றார் என்று மட்டும் குறிக்கச் சொல்ல வேண்டும். ஏன் நின்றார் என்று கேட்கத் தேவையில்லை. இரண்டு மணி நேர அமர்வில் 400 சொல்லுக்கு மேல் போனால் வேலை கெடும். 3,000 சொல் கதைக்கு எட்டு அமர்வு, திருத்த இரண்டு; வாரம் ஒருமுறை கூடினால் ஏறக்குறைய ஒரு காலாண்டு.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, தெரிந்த சொல் என்ற மயக்கம். வசூல், பாக்கி, ஜாமீன், ராஜினாமா, சிபாரிசு என்று நம் பேச்சில் கலந்துவிட்ட அரபு, பாரசீகச் சொற்கள் ஏராளம். ஆனால் பொருள் எல்லாமே அப்படியே வரவில்லை. உருதுவில் 'சவால்' என்றால் கேள்வி, அறைகூவல் அல்ல. 'மசோதா'வின் மூலமான முஸவ்வதா என்பது எந்த எழுத்துக்குமான கையெழுத்துப் படி, வரைவு. நாடாளுமன்றத்துக்கு மட்டும் உரியதல்ல. 'தக்ரார்' சண்டையும் ஆகும், சொல் திரும்ப வருதலும் ஆகும். கவிதை பற்றிய கட்டுரையில் இதைத் தகராறு என்று எழுதினால் சிரிப்புக்கிடமாகிவிடும்.

இரண்டாவது, பேகமாத்தி ஸபான் எனப்படும் அந்தப்புரப் பேச்சு. தில்லி, லக்னோ வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிய மொழி அது. சுக்தாயின் கை வலிமை அதில்தான் இருக்கிறது. 'முவா' என்று ஒருவனைத் திட்டினால் நேர்ப்பொருள் 'செத்தவன்'. ஆனால் தொனி நம் பாட்டிமார் 'பாழாய்ப் போனவன்' என்று சொல்வதுதான். 'நிகோடி' என்றால் கால் இல்லாதவள். தமிழில் 'போக்கற்றவள்' என்ற சொல் அதற்காகவே காத்திருந்தது போல இருக்கிறது. இவற்றைச் செந்தமிழாக்கினால் உயிர் போய்விடும், சென்னைத் திரைப்படத் தமிழாக்கினால் குடும்பமே மாறிவிடும். கீழக்கரை, நாகூர், கடையநல்லூர் வீட்டுப் பெண்களின் பேச்சிலிருந்து எடுத்தால் மதச் சூழலும் சேர்ந்து வரும். வாப்பா, உம்மா, லாத்தா அங்கே இயல்பாக உட்காரும். ஆனால் வாஜிதா தபஸ்ஸுமின் ஹைதராபாத் பாத்திரங்கள் தக்கினியில் 'நக்கோ', 'கைகூ' என்று பேசும்போது லக்னோவுக்கு வைத்த அதே தமிழை வைக்கக்கூடாது. வேலைக்காரியின் மொழியும் நவாபின் மொழியும் அங்கே வேறு வேறு. கதையின் கத்தி அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் ஆம்பூர்க்காரர் காது பொன்.

மூன்றாவது, ஊர் என்ற கருத்து. உருதுப் பெண் எழுத்தாளர்களில் பலர் இடம்பெயர்ந்தவர்கள். கிஷ்வர் நாஹீத் புலந்த்ஷஹரில் பிறந்து லாகூரில் வளர்ந்தவர். கதீஜா மஸ்தூர் லக்னோவிலிருந்து லாகூர் போனவர். ஹைதர் அலிகரில் பிறந்து, கராச்சி போய், லண்டன் போய், திரும்ப இந்தியாவுக்கே வந்தவர். ஃபஹ்மிதா ரியாஸ் மீரட்டில் பிறந்து சிந்துவில் வளர்ந்து, பாகிஸ்தானில் ஜியாவுல் ஹக் ஆட்சியில் தம் 'ஆவாஸ்' இதழின் பேரில் வழக்குகளைச் சந்தித்து, 1981 முதல் ஏறத்தாழ ஏழாண்டு தில்லியில் தஞ்சமிருந்தவர். கவிஞர் இஷ்ரத் ஆஃப்ரீன் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறினார். லக்னோவின் அத்தியா ஹுசைன் லண்டனில் ஆங்கிலத்தில் எழுதினார், ஆனால் உள்ளே ஓடியது உருது வீடு. ருக்ஸானா அஹ்மத் ஏழு பெண் கவிஞர்களைத் தொகுத்து மொழிபெயர்த்த நூல் 1991ல் லண்டனில்தான் வெளிவந்தது. அதன் தலைப்பு கிஷ்வர் நாஹீதின் 'பாவிப் பெண்கள் நாங்கள்' என்ற கவிதையிலிருந்து எடுத்தது. அவர்களை 'இந்திய', 'பாகிஸ்தானிய' என்று அலமாரி பிரித்து வைப்பது சிரமம்.

இந்தக் கவிதைகளில் 'வதன்' என்று வருவதைத் 'தாய்நாடு' என்று மொழிபெயர்த்தால் கொடி பறக்க ஆரம்பித்துவிடும். பழைய உருதுவில் வதன் என்பது பிறந்த ஊர். சிங்கப்பூர்த் தமிழர் 'ஊருக்குப் போறேன்' என்று சொல்லும் அந்த ஊர். 'பர்தேசி' என்ற சொல்லோ இன்னும் சுவையானது. உருதுப் பாடலில் பர்தேசி வெளியூர் போன காதலன். தமிழில் பரதேசி என்றால் பிச்சைக்காரன். நமக்குத்தான் மனசு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உருதுவின் 'குர்பத்' என்ற சொல்லும் முதலில் அயலூரில் இருப்பதைக் குறித்து, பிறகு வறுமையைக் குறிக்கத் தொடங்கியது. ஊரை விட்டவன் ஏழை என்று இரண்டு மொழிகளும் தனித்தனியே தீர்மானித்திருக்கின்றன. 'குர்பத்' வரும் இடத்தில் இரண்டு பொருளில் எது என்று காலம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பதிப்புரிமை ஆசிரியர் காலமான ஆண்டுக்குப்பின் 70 ஆண்டு, இந்தியாவில் 60, பாகிஸ்தானில் 50. எங்கே வெளியிடுகிறோமோ அங்குள்ள நீண்ட கணக்கை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 1952ல் காலமான ரஷீத் ஜஹானின் எழுத்து 2023லிருந்து இங்கேயும் பொதுவுடைமை. 1991ல் காலமான சுக்தாய்க்கு இந்தியாவில் 2051 இறுதி வரை உரிமை இருக்கிறது. சிங்கப்பூர்க் கணக்கில் 2061. பர்வீன் ஷாகிருக்கு இஸ்லாமாபாத்தில் அவர் பெயரிலான அறக்கட்டளை இருக்கிறது. கேட்க ஓர் இடமாவது தெரியும். பலரும் மறந்துவிடும் ஒன்று: ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும், மூலத்திலிருந்து செய்தால் ஒருவரிடம். ஹைதர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே: 'அக்னி நதி'யின் மூலமான 'ஆக் கா தரியா' 1959ல் வந்தது, 1998ல் அவரே ஆங்கிலத்தில் அதை மறுபடைப்புச் செய்தபோது நிறைய மாற்றினார். அந்த ஆங்கில நூலிலிருந்து தமிழாக்கினால் கிடைப்பது வேறொரு நாவல்.

மூலம் கிடைப்பது இப்போது கடினமில்லை. 'ரேக்தா' இணையத்தளத்தில் கவிதைகளை உருது, தேவநாகரி, ரோமன் ஆகிய மூன்று எழுத்திலும் படிக்கலாம். சொல்லைத் தொட்டால் பொருள் வரும். பழைய நூல்கள் படப் பக்கங்களாக இருக்கின்றன. அகராதிக்கு 1884ல் வந்த பிளாட்ஸின் உருது–ஆங்கில அகராதி இன்றும் போதும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். தேடும்போது 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். அரபு விசைப்பலகையில் தட்டிய காஃப், யே, ஹே ஆகியவை கணினிக்கு உருது எழுத்துகள் அல்ல. கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் குறியீடு வேறு. உருது விசைப்பலகையையே நிறுவிக்கொள்ள வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, 'ஆப்'புக்கும் 'தும்'முக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பத்து வரி கொடுத்துப் பாருங்கள். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்திலும் நாளிதழிலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பெயரை ஒரே மாதிரி எழுதுவது. குர்ரத்துலைன் ஹைதர் தமிழில் குர் அதுல் ஐன், குர்ருதுல் ஐன் என்று பல வேடத்தில் வருகிறார். சுக்தாய், சுகதாய், சுக்தாயி எல்லாம் ஒருவரே. பட்டியலில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. தேசிய நூலக வாரியம் ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை அதற்குத் திருப்பிவிட்டால் போதும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னிலக்கமாக்கியபோது இதைப் போன்ற பெயர்ச் சிக்கல்கள் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. எழுத்துப் பெயர்ப்புக்கு என் விதி எளிது: தமிழில் ஊன்றிவிட்ட 'கஜல்', 'பேகம்' போன்றவற்றைத் தொடாதீர்கள், புதிதாக வரும் பெயரில் ஃப, ஜ, ஸ, ஷ, ஹ பயன்படுத்துங்கள், காஃப், கே, கைன் மூன்றுக்கும் 'க' போதும், புள்ளியும் கோடும் வேண்டாம்.

பெயர் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன விலகல். உருதுவில் ஒரு பெண் எழுதிய முதல் நாவலாகச் சொல்லப்படுவது ரஷீதுன்னிஸாவின் 'இஸ்லாஹுன் நிஸா'. எழுதியது 1881, அச்சேறியது 1894, அப்போதும் ஆசிரியர் பெயராக இருந்தது மகனின் தாய் என்ற அடையாளம்தான். ஹைதரின் தாயார் நஸர் சஜ்ஜாத் தொடக்கத்தில் 'இன்னாரின் மகள்' என்றே எழுதினார். ஸாஹிதா காதூன் ஷெர்வானி மூன்று முதலெழுத்துகளுக்குள் ஒளிந்துகொண்டார். 1898ல் லாகூரில் தொடங்கிய 'தஹ்ஸீபே நிஸ்வான்' இதழுக்கு ஆசிரியராக இருந்த முஹம்மதி பேகம் சொந்தப் பெயரைப் போட்டதே பெரிய செய்தி. தமிழில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938ல் 'காதலா கடமையா' நாவலைத் தம் பெயரிலேயே, உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டதை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹைதராபாத்திலும் சென்னையிலும் வளர்ந்து லாகூரில் குடியேறிய ஹிஜாப் இம்தியாஸ் அலி 1930களில் விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டார். அவர் பெயரில் இருக்கும் 'ஹிஜாப்' என்ற சொல்லை மட்டும் பார்த்து யாராவது முடிவுக்கு வந்தால் ஏமாந்து போவார்கள்.

தொடங்குவதற்கு ஒரு கதையைப் பரிந்துரைக்கிறேன்: ரஷீத் ஜஹானின் 'தில்லி கி சைர்', தில்லி உலா. 1932 டிசம்பரில் லக்னோவில் வந்த 'அங்காரே' தொகுப்பில் உள்ளது. நால்வர் எழுதிய அந்தத் தொகுப்பை 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு தடை செய்தது. நால்வரில் ஒரே பெண்ணான ரஷீத் ஜஹான் ஒரு மருத்துவர். 'அங்காரேவாலி' என்ற பட்டமும் மிரட்டல்களும் அவருக்கு வந்து சேர்ந்தன. கதை சில பக்கம்தான். ஃபரீதாபாத்திலிருந்து கணவனோடு ரயிலேறித் தில்லி பார்க்கப் போன பெண்ணை, நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு புர்காவில் உட்கார வைத்துவிட்டு அவன் நண்பனோடு போய்விடுகிறான். அவள் பார்த்த தில்லி அந்த நடைமேடை மட்டுமே. ஊருக்குத் திரும்பி அண்டை வீட்டுப் பெண்களிடம் அவள் அதைச் சொல்கிறாள். முழுக்கப் பேச்சுமொழி, பெண் பெண்ணிடம் பேசுவது, கணவனைக் குறிக்கும் விதம், கேலி, எரிச்சல் என்று மேலே சொன்ன சிக்கல்களில் பாதி அதற்குள் இருக்கிறது. உரிமைக் கட்டணமும் இல்லை. அதே தொகுப்பில் அவர் எழுதிய ஓரங்க நாடகம், ஓயாத பிரசவங்களால் உடல் நொந்த பெண் பேசுவது, இரண்டாவதாக எடுக்கலாம். அதற்கு மட்டும் மகப்பேறு அறிந்த ஒரு தாதி மேசையில் இருப்பது நல்லது. மருத்துவச் சொல்லை நாணி மழுப்பினால் நாடகமே போய்விடும்.

உங்கள் நாளிதழ் காலாண்டுக்கு ஒரு கதைக்கு இடம் தந்தால் போதும். 1,200 சொல்லுக்கு மேல் போனால் இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் அனைத்தும் கதைத் தலைப்பின் கீழேயே வர வேண்டும். உருது வாசித்தவர் பெயரை 'உதவி' என்று கடைசியில் தள்ளக்கூடாது. நான்கு கதை சேர்ந்ததும் சிறு நூலாக்கினால், சட்டப்படி நூலக வாரியத்துக்கு 2 பிரதி கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதே பெயர் வடிவங்களின் பட்டியலையும் அதோடு கொடுத்துவிடலாம். அந்தப் பட்டியலும், 'ஆப்–தும்–தூ' குறியீட்டுத் தாளின் மாதிரி ஒன்றும் ஆயத்தமாக இருக்கின்றன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உருது–தமிழ் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
தெம்பனிஸ்